ரங்கூனில் ஒரு லெந்து காலம்

மார்ச் 5, 2025, புதன்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து இன்று தொடங்கியது. இந்த வருஷம் உபவாசத்தோடு எளிமையையும் ஒரு பயிற்சியாக எடுத்திருக்கிறேன்.

எளிமை என்று இணையத்தில் தேடினால் வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியும்தான் வருகின்றன. பழையதை வீசிவிட்டு விலை கூடியதை வாங்கி வைக்கும் அழகு அது. ஆண்டவர் பேசியது வேறு. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் பொக்கிஷத்தைச் சொன்ன கையோடு கண்ணைச் சொல்கிறார்: "உன் கண் தெளிவாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்." பார்வை அவர்மேல் நிலைத்தால் அலமாரி தானாகக் குறையும். அலமாரியை மட்டும் காலி செய்தால் மனசு அடுத்த கடைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் இப்போதே எழுதிவிடுகிறேன். கரண்ட் முறை வைத்து வரும் இந்த ஊரில், ஒரு வேளை சோற்றுக்கே கணக்குப் பார்க்கிறவர்கள் சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய இல்லாமைக்கு எளிமை என்று பெயர் வைத்துப் பிரசங்கம் பண்ணுவது பாவம். எளிமை, கையில் இருக்கிறவன் செய்யவேண்டிய காரியம்.

மார்ச் 11, செவ்வாய்

"பாமாயில் இன்னும் ஏறும்னு சொல்றாங்க. நாலு டின் வாங்கிப் போட்டுருவோமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பர்மியப் பணமான கியாட்டின் மதிப்பு இறங்க இறங்க ஊரே காசைத் தங்கமாகவும் அரிசியாகவும் மாற்றி வைக்கிறது. அதில் தப்புச் சொல்ல முடியாது. யோசேப்பும் எகிப்தில் தானியம் சேர்த்தார், ஆனால் எல்லாருக்குமாகச் சேர்த்தார்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தினம் கொடுத்த மன்னா என்ற ஆகாரத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. பயந்து மறுநாளைக்கு வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்ததோ நாறவில்லை. சேர்ப்பது பிரச்சினை இல்லை, பயம் சொல்லிச் சேர்ப்பதுதான் பிரச்சினை என்று எனக்குப் படுகிறது.

"ஏங்க, ஒரு மாசத்துக்கு உள்ளது போதும். நாலையும் நாமளே தூக்கிட்டா வரிசையில பின்னால நிக்கிறவங்களுக்கு என்ன இருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு டின் மட்டும் வாங்கி வந்தார். எதிர்வீட்டு பர்மியப் பாட்டி, அரிசி விலை ஏறியும், காலையில் ஆக்கிய சோற்றில் முதல் கரண்டியைப் பிக்குவின் பாத்திரத்தில்தான் போடுகிறார். அதை என் வீட்டுக்காரரும் தினம் பார்க்கிறார்.

மார்ச் 20, வியாழன்

இன்று அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஐயரை நினைத்தேன். 1813 ஜூலை 13 அன்று இதே ரங்கூனில் வந்து இறங்கியவர். 1826இல் மனைவி ஆன் பர்மாவின் அமெர்ஸ்ட் ஊரில் இறந்தார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாவும் போனாள். 1828இல் தன் சொந்தச் சொத்தை மிஷனுக்கு எழுதிக்கொடுத்தார். ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த டாக்டர் பட்டத்தையும் வேண்டாம் என்றுவிட்டார். பட்டத்தை விடுவது சொத்தை விடுவதைவிடக் கடினம் என்பேன். சபைக் கமிட்டியில் பேர் முன்னால் வரவேண்டும் என்று நாம் படுகிற பாட்டைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் அதற்குப் பின்னால் அவர் காட்டில் குடிசை போட்டுத் தனித்திருந்ததையும், தனக்கே குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததையும் சிலர் எளிமையின் உச்சம் என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை. அது துக்கம். அதற்கு ஆறுதல்தான் வேண்டும், பின்பற்றுகிறவர்கள் வேண்டாம். தன்னை வதைப்பதில் மறுபடியும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கர்த்தர் அவரை அங்கே விட்டுவிடவில்லை. 1834இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார்.

மார்ச் 31, திங்கள்

வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.50க்குப் பூமி அதிர்ந்தது. அளவு 7.7 என்கிறார்கள். இங்கே விளக்கு ஆடியதோடு போயிற்று. மண்டலேயும் சகாயிங்கும் இடிந்து கிடக்கின்றன. செய்தி பார்க்கப் பார்க்க ஜெபம்கூட வரவில்லை.

அத்தை ஒன்றும் சொல்லாமல் பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்தார். "உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி இதுல போடும்மா. எங்க அம்மா காலத்துல பிடியரிசி போடாம ஒரு கிறிஸ்தவ வீட்டுலயும் அடுப்பு எரியாது." மண்டலேக்காக இதையே செய்யலாம் என்று இன்று சபைப் பெண்களிடம் சொன்னேன். நேற்றுவரை கைநீட்டி வாங்கிய ஒரு அக்கா முதல் ஆளாகச் சரி என்றார். எளிமை கையில் இருக்கிறவன் காரியம் என்று ஐந்தாம் தேதி நான் எழுதிய சட்டத்தை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு பிடியை அவர் கொடுக்கட்டும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பேச்சிலும் இந்த எளிமையைப் பழகுகிறேன். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்." ஈஸ்டர் விருந்துப் பொறுப்பை ஏற்கச் சபையில் ஒரு அக்கா கேட்டார். "இந்தத் தடவை முடியாது அக்கா," அவ்வளவுதான் சொன்னேன். உடம்பு, பிள்ளைகள், கரண்ட் என்று காரணம் அடுக்கவில்லை. அக்கா ஒரு நிமிஷம் காத்திருந்தார், பிறகு விருந்தே இந்த வருஷம் வேண்டாம், அந்தக் காசையும் மண்டலேக்கு அனுப்பலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டியில் வைக்கிறோம். பிடியரிசி டின்களையும் அன்றைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறது.