பஞ்சிகாவத்தையில் கிடைத்த முன் எக்ஸல்

ரம்பொடைக் கொண்டை ஊசி வளைவுகளில்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் இடது முன் சக்கரத்தில் 'டக், டக், டக்'. நேராக்கியதும் நின்றுவிடும். 2023 நவம்பர் கடைசி அது. அடுத்த மாதப் பௌர்ணமிப் போயாவோடு சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கிவிடும். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் பிராடோ ஒன்றுதான். விடியற்காலையில் பயணிகளை ஹோர்ட்டன் சமவெளிக்கும், பருவத்தில் மலையடிவார நல்லதண்ணிக்கும் ஏற்றிப் போவதில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

தலவாக்கலையில் வழக்கமாக வண்டியைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் பாஸ் அடியில் படுத்துப் பார்த்தார். 'பூட்' என்று சொல்லும் ரப்பர் உறை சுற்றிவரக் கிழிந்து, உள்ளிருந்த கிரீஸ் எல்லாம் சக்கரத்தின் உட்புறத்தில் தெறித்துக் கிடந்தது. கிரீஸ் போன இடத்தில் சேறும் தண்ணீரும் புகுந்து, சக்கரத்தைச் சுழற்றும் எக்ஸல் தண்டின் முனையில் வளைந்து சுழலும் மூட்டான சீவி ஜொயின்ட்டின் குண்டுகளைத் தின்றுவிட்டன. "உறை கிழிந்த அன்றே வந்திருந்தால் சின்னச் செலவோடு போயிருக்கும், தம்பி. சத்தம் வந்த பிறகு எக்ஸலையே மாற்ற வேண்டும்" என்றார்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது புதிய உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. பிறகு டொலர் இறங்கியும் அந்த விலை பழைய இடத்துக்கு வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதால் எல்லோரும் பழைய வண்டியையே பழுதுபார்த்து ஓட்டினோம். புதிய அசல் எக்ஸலின் விலை என் கைக்கு எட்டவில்லை. பெயர் தெரியாத மலிவான புதியதைவிட, ஜப்பானில் கழற்றி வந்த பழைய அசலே மேல் என்று பாஸ் சொன்னார். நானும் அதையே நம்புகிறேன்.

அவசரத்தில் ஒரு பிழை செய்தேன். தொலைபேசியில் படம் அனுப்பிய ஒரு கடைக்கு முன்பணமாகப் பத்தாயிரம் ரூபாய் போட்டேன். பொருள் பஸ்ஸில் வந்தது. பார்வைக்கு அதேதான். பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தபோது இரண்டு விரற்கடை குட்டை. திருப்பி அனுப்பிப் பணத்தை மீட்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை வண்டி கராஜில் கட்டைமேல் நின்றது. இரண்டு பயணங்களை நண்பருக்கு விட்டுக்கொடுத்தேன்.

பிறகு பழைய எக்ஸலை உரப்பையில் சுற்றி, ஹட்டனிலிருந்து அதிகாலை பஸ் ஏறினேன். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, கொழும்பில் மருதானைப் பக்கம் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைகள் திறந்திருந்தன. எக்ஸல்களைத் தேயிலை மிலாறு விறகுக் கட்டுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். நான்காவது கடையில் முஸ்லிம் கடைக்காரர், ஒரு நானா, என் உரப்பையைப் பார்த்ததுமே, "பழையதைக் கொண்டு வந்தீர்களே, அதுதான் சரி" என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

பாஸ் சொல்லி அனுப்பியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் இரண்டையும் நிறுத்தி உயரம் பார்த்தேன். அடுத்து இரு முனைகளிலும் உள்ள பற்களைச் சோக்கட்டியால் குறி வைத்து எண்ணினேன். தண்டை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஜொயின்ட்டின் கிண்ணத்தை முன்னும் பின்னும் முறுக்கினால் ஆட்டம் இருக்கக்கூடாது. முழுக்க வளைத்துச் சுற்றும்போது எங்கும் தட்டாமல் எண்ணெயில் வழுக்குவதுபோலப் போக வேண்டும். முதல் எக்ஸல் இதிலெல்லாம் தேறியது. ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓயில் சீல் உட்காரும் இடத்தில் துருக் குழிகள் இருந்தன. புதிய சீல் போட்டாலும் அந்த இடம் எண்ணெய் கசியும். வேண்டாம் என்றேன். நானா முகம் சுளிக்காமல் உள்ளே போய் வேறொன்று கொண்டு வந்தார். அந்த இடம் கண்ணாடிபோல இருந்தது. மரையில் நட்டைக் கையாலேயே கடைசிவரை சுற்ற முடிந்தது.

ஐம்பத்தையாயிரம் கேட்டார். நாற்பத்திரண்டுக்கு முடிந்தது. பொருந்தாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டிலேயே எழுதி, திகதியும் போட்டுத் தந்தார். நான் கேட்டுத்தான் எழுதினார். கேட்கத் தயங்கியிருந்தால் வெறும் வாய்வார்த்தையோடுதான் திரும்பியிருப்பேன்.

மறுநாள் பாஸ் அதை உடனே பூட்டவில்லை. வெளியில் இருக்கும்போதே இரு ஜொயின்ட்களையும் கழுவி, புதிய கிரீஸ் அடைத்து, புதிய ரப்பர் உறைகளைப் போட்டார். ஓயில் சீலையும், உள்முனையின் வளையக் கிளிப்பையும் புதிதாகவே வாங்கினோம். எக்ஸலை உருவும்போது வழிந்த டிபரென்ஷல் (எக்ஸல்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டி) எண்ணெயை மீண்டும் அளவுக்கு நிரப்பினார்.

அன்று மாலையே ரம்பொடைக்கு ஓட்டிப் போனோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு வளைவிலும் இருபுறமும் முழுதாக ஒடித்தேன். நீர்வீழ்ச்சியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை. திரும்பி வந்ததும் டோர்ச் அடித்து வலது பக்கத்தையும் பார்க்கச் சொன்னேன். உறையின் மடிப்பில் மயிரிழை அளவு வெடிப்பு. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. "அதையும் இப்போதே மாற்றுங்கள் பாஸ்" என்றேன்.