முறுக்கு டப்பாவும் மூன்று குதிரைகளும்

கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம், சுற்றிலும் காட்டுக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும் என்று நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "குதிரைக்குக் கடற்கரையில என்ன வேலை? அங்க புல்லா முளைக்குது?" என்றார். ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போக ஊரிலிருந்து வந்திருந்தார், பிறந்ததிலிருந்து மாட்டுத் தொழுவத்தோடு வளர்ந்த மனிதர், அதனால் இந்த மாதிரி விஷயங்களில் அவரை ஏமாற்ற முடியாது. சரி, நேரில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஜூன் கடைசியில், பிள்ளைகளுக்குப் பள்ளி மூடிய கையோடு, கிளம்பிவிட்டோம்.

போன இடம் அசட்டீக் தீவு. அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு போட்ட மாதிரி கிடக்கும் மணல் தீவு, வடக்கே மூன்றில் இரண்டு பங்கு மேரிலாண்ட் மாநிலம், தெற்கே மீதி வர்ஜீனியா. அப்பா கடைசிவரை "அசட்டுத் தீவு" என்றுதான் சொன்னார், பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வாஷிங்டன் பக்கமிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து செசபீக் பாலத்தைத் தாண்டிப் போனால் மூன்று மணி நேரம், பாலத்தில் நெரிசல் இருந்தால் அதற்குக் கணக்கே கிடையாது. கூடாரம் போட்டுத் தங்க அனுமதி மேரிலாண்ட் பக்கம் மட்டும்தான். அதிலும் கடலோரம், குடாவோரம் என்று இரண்டு பிரிவு. கடலோரத்தையே எடுங்கள். நிழல் துளியும் இல்லை, குளிக்கத் தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான், கழிவறையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை, ஆனால் காற்று இருக்கிறது. காற்று இருந்தால் கொசு குறைவு. அந்தத் தீவில் இதைவிடப் பெரிய சுகம் வேறெதுவும் கிடையாது.

அந்தக் காற்றே முதல் மத்தியானம் எங்கள் மானத்தை வாங்கியது. கூடாரத்தோடு வந்த சின்ன முளைகளை மணலில் அடித்தோம், வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி இறங்கின, அதே மாதிரி வெளியே வந்தன. அடுத்த இடத்தில் இருந்தவர்கள் முழங்கை நீளத்துக்கு முளை வைத்திருந்தார்கள். நாங்கள் பிளாஸ்டிக் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, குழி தோண்டிப் புதைத்துச் சமாளித்தோம். அது அப்பாவின் யோசனை, மூன்று நாளும் அசையவில்லை.

முதல் குதிரைகளை அன்று சாயங்காலமே பார்த்துவிட்டோம். மணல் மேட்டுக்குப் பின்னால் ஐந்தாறு, செவலையும் வெள்ளையும் கலந்த நிறம், நாம் நினைக்கிற குதிரையைவிடக் குட்டை. எல்லாவற்றுக்கும் வயிறு பானை மாதிரி. அப்பா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாமே சினையா இருக்கு, இன்னும் ஒரு மாசத்துல போட்டுரும்" என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற தன்னார்வலரிடம் என் கணவர் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்தம்மா சிரித்துவிட்டு, நீங்கள் காட்டுகிற அந்தப் பெரிய வயிறு ஆண் குதிரையுடையது என்றார். இங்கே அவற்றுக்கு முக்கியத் தீனி உப்பங்கழியில் வளரும் கோரை மாதிரியான புல், அத்தனை உப்பு உள்ளே போவதால் சாதாரணக் குதிரையைவிட அதிகம் தண்ணீர் குடிக்கின்றன, அதனால்தான் அந்த ஊதல். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப குட்டிங்க எங்க?" என்றார். அதற்கு வந்த பதில் அவரை நிஜமாகவே ஆட்டிவிட்டது. தீவு தாங்குகிற அளவுக்குத்தான் மந்தை இருக்க வேண்டும், மேரிலாண்ட் பக்கம் 80லிருந்து 100க்குள் என்று கணக்கு, அதற்காக 1994இல் தொடங்கிப் பல வருஷம் பெண் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து துப்பாக்கி மாதிரி ஒன்றால் கருத்தடை ஊசி போட்டிருக்கிறார்கள். "குதிரைக்குமா குடும்பக் கட்டுப்பாடு!" என்று ராத்திரி சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதி ஒன்றுதான், ஆனால் எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள்: குதிரையிடமிருந்து குறைந்தது 40 அடி, அதாவது ஒரு பஸ் நீளம், தள்ளி நில். தொடாதே, தீனி போடாதே. அது உன்னை நோக்கி வந்தாலும் நகர வேண்டியது நீதான். கடியும் உதையும் வாங்கியவர்கள் நிறைய. என் பெரியவன் ஒன்பது வயசு, பள்ளி பஸ்ஸை நினைவில் வைத்து மணலில் காலடியால் அளந்து பார்த்து, தனக்கு இத்தனை எட்டு, தங்கைக்கு இத்தனை எட்டு என்று கணக்கு வைத்துக்கொண்டான். பிள்ளைகள் சுலபமாகப் பழகிவிட்டார்கள். கஷ்டம் அப்பாவோடுதான். பழத்தோலை மாட்டுக்கு நீட்டுவது அவருக்கு அறுபது வருஷக் கைப்பழக்கம். வாழைப்பழத்தை உரித்ததும் கை தானாகக் குதிரை இருந்த பக்கம் போக, நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் "அப்பா!", "தாத்தா!", "மாமா!" என்று கத்தினோம். அவர் தோலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை.

இத்தனையும் அவருக்குச் சொன்ன நான் என்ன செய்தேன் என்றால், முறுக்கு டப்பாவை வெளியே வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். இருட்டியதும் டார்ச் எடுத்துக்கொண்டு நண்டு பார்க்கப் போனோம். இங்கே இருக்கும் நண்டுகள் மணல் நிறத்தில், வெளிச்சம் பட்டதும் கண்ணிரண்டையும் குச்சி மாதிரித் தூக்கிப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் பறக்கும். சின்னவள் ஒவ்வொன்றுக்கும் வீல் வீல் என்று கத்தி, இன்னும் ஒன்று இன்னும் ஒன்று என்று எங்களைப் பத்து மணி வரை நடக்க வைத்தாள். திரும்பி வந்து பசி என்றதும் முறுக்கை எடுத்துக் கொடுத்தேன். அரிசி, தோசை மாவு, பழம், எல்லாவற்றையும் காருக்குள் பூட்டியாகிவிட்டது, ஆனால் இந்த ஒரு டப்பாவை மேஜையிலேயே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கிவிட்டேன். துண்டு!

விடிகாலையில் மேஜை இழுபடுகிற சத்தம், அப்புறம் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மிகத் தெளிவாக நொறுக் நொறுக் என்று. கூடாரத்து வலை வழியாகப் பார்த்தால் மூன்று குதிரைகள். அப்பா எப்போதோ எழுந்து மணல் மேட்டோரம், சரியாக ஒரு பஸ் நீளத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, உன் முறுக்கு போச்சு. உப்பு தூக்கல்னு நேத்தே சொன்னேன், அதுங்களுக்குப் புடிச்சிருக்கு."

நாங்கள் கூடாரத்தின் பின்பக்க வாசல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். டப்பா காலியானதும் அவை காருக்குப் பக்கத்தில் வந்து கதவை முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகப் போய்விட்டன. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காலையில் சுற்றி வந்த காவலரிடம் நானே போய்ச் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட குதிரை கூடாரம் கூடாரமாக வர ஆரம்பிக்கும், விரட்டினால் எதிர்க்கும், ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தீவில் வைத்திருக்க முடியாது என்றார். சிப் என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்ட ஒரு ஆண் குதிரை அப்படித்தான் கெட்டுப்போய், 2022இல் இங்கிருந்து பிடித்து டெக்சாஸில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டது. பிறந்த இடத்தை விட்டு, கடலே இல்லாத ஊருக்கு. அதற்குத் தீனி காட்டியவர்களெல்லாம் என்னை மாதிரி நல்லெண்ணக்காரர்களாகவும் மறதிக்காரர்களாகவும்தான் இருந்திருப்பார்கள். அவர் அபராதம் ஏதும் போடவில்லை, போட்டிருந்தால் மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். அந்த மூன்றில் ஒன்றுக்கு நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு, அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாம் நாள் பெரும்பாலும் கடலிலும் ஒரு சின்ன நடைபாதையிலும் போனது. அந்த நடைபாதையில் மணலுக்கு நடுவே திடீரென்று தார் ரோட்டின் துண்டுகள் தெரியும். இந்தத் தீவில் வீட்டுமனை போட்டு விற்றிருக்கிறார்கள், ரோடு கூடப் போட்டாகிவிட்டது, 1962 மார்ச்சில் வந்த பெரும் புயல் அத்தனையையும் வழித்துக்கொண்டு போனது, அப்புறம்தான் 1965இல் இது தேசியக் கடற்கரைப் பூங்காவானது. அந்தப் புயலில் குதிரைகளும் நிறையச் செத்திருக்கின்றன. வர்ஜீனியா பக்கக் குதிரைகளின் கதை வேறு. நடுவில் வேலி, அந்தப் பக்க மந்தை ஷிங்கட்டீக் என்கிற பக்கத்துத் தீவின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம், வருஷா வருஷம் ஜூலையில் அவற்றைக் கால்வாயில் நீந்த வைத்துக் கொண்டுவந்து குட்டிகளை ஏலம் விடுவார்கள். அதைக் கேட்டதும் அப்பாவுக்கு மாட்டுச் சந்தை நினைவு வந்து, விலை என்ன போகும் என்று கேட்கச் சொன்னார். கூட்டத்துக்குப் பயந்து நான் அந்தப் பக்கம் இதுவரை போனதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு முழுக்கு என்று எல்லோரும் தண்ணீரில் இருந்தோம். வெயில் ஏறினால் உள்பக்கம் ஈயும் கொசுவும் பிய்த்துவிடும், அதனால் குதிரைகளே காற்றுக்காகக் கடற்கரைக்கு வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தன. ஏழு குதிரை, ஒரு குட்டி. நேராக எங்கள் குடைக்கு. ஒன்று நிழலில் தலையை வைத்துக்கொண்டது, குட்டி துண்டின் மேல் நின்றது, மற்றவை நாற்காலிகளைச் சுற்றி வாலாட்டிக்கொண்டு நின்றன. இந்த முறை அங்கே தின்ன ஒன்றும் இல்லை, பையெல்லாம் காரில், மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். பெரியவன் அவனுடைய எட்டுக்கணக்கைப் போட்டு எங்களை வரிசையாக நிறுத்தினான். நாங்கள் ஐந்து பேரும் சொட்டச் சொட்ட, வெயிலில், செருப்பில்லாமல், எங்கள் சொந்த நாற்காலிகளை ஒரு பஸ் நீளத்திலிருந்து பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றோம். சின்னவள் மட்டும் ஒரு தரம் "அது எப்பம்மா நம்ம இடத்தை விட்டுப் போகும்?" என்றாள். "அது இடத்துல நாமதான்டி வந்திருக்கோம்" என்றார் தாத்தா.

அவை போன பிறகு அப்பா முதலில் ஓடினார். நாற்காலியைப் பார்க்க அல்ல. அதற்குப் பக்கத்தில் கிடந்த சாணத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "அருமையான எரு, நம்ம வீட்டு ரோஜாத் தொட்டிக்கு ஆகும், ஒரு பை குடு" என்று என் கணவரிடம் கையை நீட்டினார். இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது மாமா என்று சொல்லி இவர் அவரைக் காரில் ஏற்றுவதற்குள் மணி நாலாகிவிட்டது.