குதிரைக்கு மூட்டு ஊசியா? முதலில் எழுதி வாங்குங்கள்

ஊசி போடும் வேலை ஐந்து நிமிடம்தான். எந்த மூட்டில் போடுவது என்று தெரிவதற்குள் எங்கள் செவலை பாதிக் கோடையை லாயத்திலேயே கழித்துவிட்டாள். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் குதிரை அவள், இப்போது நல்ல வயது. கிளம்பும்போது தாங்கித் தாங்கி ஓடுவாள், உடம்பு சூடானதும் சரியாகிவிடும். லாடம் கழற்றிய அன்று பார்த்தால், பின்னங்கால் லாடம் ஒன்றில் முன்விளிம்பு மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தது. காலை இழுத்து வைக்கிறாள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

வந்த முதல் டாக்டரிடம் அந்த லாடத்தையும் காட்டினேன். அவர் கண்ணுக்கு முன்னங்கால் முட்டியில் இருந்த லேசான வீக்கம்தான் பட்டது. ஓட்டிப் பார்க்கவில்லை, எக்ஸ்ரே இல்லை. முடியை வழிக்காமல் ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடைப்பு, ஏற்கெனவே திறந்திருந்த குப்பியிலிருந்து மருந்து. பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஒரு சீட்டுகூட எழுதித் தரவில்லை. நொண்டல் அப்படியே இருந்தது.

அந்தச் சீட்டு இல்லாததுதான் எல்லாவற்றையும் இழுத்தடித்தது. அடுத்து, குதிரை மட்டுமே பார்க்கும் டாக்டர் ஒருவரை வெளியூரிலிருந்து வரவழைத்தோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, “ஏற்கெனவே போட்டது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம்?” பழையவருக்குப் போன் மேல் போன் போட்டேன். கடைசியில் எடுத்து, “வழக்கமா போடுறதுதான் சார், ஒண்ணும் ஆகாது” என்றார். அவ்வளவுதான் பதில்.

மூட்டுக்குள் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. ட்ரையாம்சினலோன் என்றால் எத்தனை மூட்டில் போட்டாலும் மொத்தம் 18 மில்லிகிராமைத் தாண்டாமல் பல டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்டீராய்டு கூடினால் குளம்புக்குள் அழற்சி வந்துவிடுமோ என்ற பயம், கொழுத்த குதிரைகளுக்கு இன்னும் அதிகம். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பே கெடலாம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் மேலே போட மாட்டேன், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கோபமெல்லாம் முதலாமவர் மேல்தான், இன்னும் ஆறவில்லை.

காத்திருந்த நேரத்தில் ஆளாளுக்கு வைத்தியம். சூடு போட்டால் சரியாகிவிடும் என்றார்கள், நான் விடவில்லை. நான் ஊரில் இல்லாத நாளில் நல்லது செய்வதாக நினைத்து யாரோ எரிச்சல் தைலத்தைத் தேய்த்துவிட, பின்னங்கால் முட்டியில் முடி கொட்டித் தோல் உரிந்துவிட்டது. புண்பட்ட தோல் வழியாக ஊசி போனால் கிருமியும் கூடவே மூட்டுக்குள் போகும். தோல் ஆறும்வரை மறுபடியும் காத்திருப்பு. ஊசி போடும் எண்ணம் இருந்தால் அந்த மூட்டில் தைலம், பற்று எதையும் தடவ விடாதீர்கள்.

தோல் ஆறியதும் அந்தக் குதிரை டாக்டரே திரும்ப வந்தார். அப்புறம் நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. கெட்டித் தரையில் ஓட்டினார்கள். பின்னங்காலை 60 விநாடி மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓட்டியதும் நொண்டல் பளிச்சென்று தெரிந்தது. முட்டியின் கீழ்மூட்டில் மரத்துப்போகும் மருந்து போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓட்டினோம். நாலு குளம்பும் ஒரே தாளத்தில் விழுந்தன. கயிறு பிடித்திருந்த பையன், “அண்ணே, சரியாயிட்டா!” என்று கத்தினான். எனக்குப் பேச்சே வரவில்லை. வலி இருக்கும் இடம் அதுதான் என்று ஒருவழியாகத் தெரிந்தது. எக்ஸ்ரேயிலும் அந்த மூட்டில் இடைவெளி குறுகியிருந்தது. முன்னங்காலுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

ஊசி வேறொரு நாளில். மயக்கம் தந்து, முடி வழித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தேய்த்தார்கள். துடைக்கும் துணி பழுப்பாக வந்துகொண்டே இருந்தது. வெள்ளையாக வரும்வரை அவர் விடவில்லை. புதுக் கையுறை, கண் முன்னால் உடைத்த புதுக் குப்பி. இந்த இரண்டும் இல்லாமல் யாரையும் மூட்டைத் தொட விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காய்ச்சல் பாருங்கள். 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. முதல் நாளில் மூட்டு லேசாக வீங்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காலை ஊன்றவே மறுத்தால், ஒரு வாரம் கழித்து என்றாலும், இரவு பகல் பார்க்காமல் கூப்பிடுங்கள். மூட்டில் சீழ் பிடித்தால் குதிரையையே இழக்க நேரிடும்.

செவலை இப்போது கையில் பிடித்து நடத்துவதைத் தாண்டி மெல்ல ஓட ஆரம்பித்திருக்கிறாள். ஊசியின் பலன் நிரந்தரம் இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அடுத்த முறை தேவைப்பட்டால், அவள் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி செய்து பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். மருந்தின் பெயர், அளவு, மூட்டு, தேதி எல்லாம் எழுதிய சீட்டு லாயத்துக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.