மாரிகுப்பம் வரை

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்கவயலுக்காகவே போட்ட தடம். காலையில் நான் ஏறிய வண்டியில் கூட்டமே இல்லை. எதிரே பெங்களூருக்குப் போன வண்டியில் நிற்க இடமில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு ஊரின் பிழைப்பு அந்த வண்டியில்தான் போய் வருகிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தபோது பெங்களூர்த் தெருக்களில்கூட மின்விளக்கு கிடையாது. மேட்டில் துரைமார்களின் பங்களாக்கள் தோட்டத்தோடு இருக்கின்றன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டி வீடுகள். இன்றும் லைன்கள் எனப்படும் அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் நடந்தால் இரண்டு பக்கச் சுவரையும் கை நீட்டித் தொட்டுவிடலாம்போல் இருக்கிறது.

லைன் வாசலில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், "ஷாஃப்ட் பார்க்க வந்தீர்களா தம்பி?" என்று கேட்டுத் தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். ஷாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் நேர் கீழே இறங்கும் குழி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே வீடுகள் அதிர்ந்தால், ஷிப்டுக்குப் போனவர்களின் குடும்பங்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும் என்றார். பேசும்போது நடுநடுவே இருமினார். பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போனவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

எல்லோரும் படம் எடுக்கும் இடம் சயனைடு மேடு. அரைத்த கல்லிலிருந்து சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் அது. மாவுபோல் மென்மை, மழைநீர் அரித்த ஓடைகள் உச்சியிலிருந்து அடிவரை இறங்குகின்றன. காற்றடித்தால் அந்தத் தூள் லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை போகிறது. அதன்மேல் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

தொழில் பாரம்பரியம் என்று பங்களாக்களையும் துருப்பிடித்த ஷாஃப்ட் கோபுரங்களையும் மட்டும் காட்டுவது போதாது. ஒரு லைனையாவது அப்படியே காப்பாற்ற வேண்டும். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட மண் இந்த லைன்கள்தாம். மாரிகுப்பத்தில் அதன் கிளைச் சங்கம் இருந்தது. அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்ட சித்தார்த்த புத்தகசாலை இந்த ஊரில் நடந்தது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழும் பின்னாளில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. இவற்றைச் சொல்லும் பலகை ஒன்றுகூட நான் நடந்த தெருக்களில் இல்லை.