நெய்வேலியில் கேமரா வைக்கப் போகிறவர்களுக்கு

நிலக்கரியை விட்டு வெளியேறுவது பற்றி ஆவணப்படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் தேடுவது புகையைத்தான். நெய்வேலியில் இடை சிறுத்து வாய் அகன்று நிற்கும் கான்கிரீட் கோபுரங்களிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதை எடுத்து, கீழே 'நச்சுப் புகை' என்று போட்டுவிடுகிறார்கள். அது குளிர்விப்புக் கோபுரம். அதிலிருந்து வருவது நீராவி. புகை போவது ஒல்லியாக உயர்ந்த புகைபோக்கி வழியாக. அதிலும் கந்தக டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு ஷாட் தப்பானால் போதும், ஒரு மறுப்பறிக்கையில் படம் சொன்ன உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

என்னைக் கேட்டால், இந்தப் படத்துக்கு ஆதாரமான ஷாட் சம்பளச் சீட்டு. ஒரே ஷிஃப்டில் நிலக்கரி சுமந்து ஓடும் ஒரே கன்வேயர் பட்டை பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளியுடையது ஒன்று, ஒப்பந்தத் தொழிலாளியுடையது ஒன்று. இரண்டும் ஒரே மாதத்துச் சீட்டாக இருக்க வேண்டும். மூடும் நாள் வரும்போது யார் எவ்வளவு இழப்பார் என்பது அந்த இரண்டு தாளில் இருக்கிறது. 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 2020இல் மூடப்பட்டது. பக்கத்திலேயே 500 மெகாவாட் அலகுகள் இரண்டு வந்தன. எரிப்பது அதே பழுப்பு நிலக்கரி. இதைப் பசுமை மாற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு நிலையம் மூடும்போது யாருக்கு இடமாற்றல் கிடைத்தது, யாருடைய ஒப்பந்தம் சத்தமில்லாமல் முடிந்தது என்று ஆள் ஆளாக விசாரிக்க இது நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் இடம். தென்னாப்பிரிக்காவின் கொமாட்டி அனல்மின் நிலையத்தில் கடைசி அலகு 2022 அக்டோபரில் நின்றபோது நிரந்தர ஊழியர்களில் பலர் வேறு நிலையங்களுக்குப் போனார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் ஊரில் அவர்களை நம்பியிருந்த கடைகளுக்கும் போக்கிடம் இல்லை.

சீட்டை எடுக்கும் முறை: மேசையில் தட்டையாக வைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். லென்ஸ் துளையை எஃப் 8இல் வைத்தால் மேலிருந்து கீழ்வரை கூர்மையாக வரும். பிளாஸ்டிக் உறையில் இருந்தால் உருவிவிடுங்கள், இல்லையென்றால் பளபளப்பு எழுத்தைத் தின்றுவிடும். பெயர், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு எண் இவற்றின்மேல் எடுப்பதற்கு முன்பே வெள்ளைத் தாள் துண்டை ஒட்டுங்கள். எடிட்டிங்கில் மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரிஜினல் ஃபைலில் அப்படியே இருக்கும். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, வேலை நாள், பிடித்தம் நான்கும் ஃபிரேமுக்குள் வர வேண்டும். திரையில் எத்தனை விநாடி நிறுத்துவது? வாய்விட்டு இரண்டு தடவை படித்துப் பாருங்கள், அதுதான் கணக்கு.

ஒப்பந்தத் தொழிலாளியின் முகத்தை எடுப்பதில் அவசரம் வேண்டாம். கேட் பாஸ் போனால் மறுநாள் அடுப்பு எரியாது. நிழலுருவமாக எடுத்தால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். லாக் முறையில் (இருட்டிலும் விவரம் தங்கும்படி பதியும் முறை) எடுத்த ஃபைலில் வெளிச்சத்தை ஏற்றினால் முகம் தெரிந்துவிடும், குரலும் காட்டிக்கொடுக்கும். கையை மட்டும் எடுங்கள். அவர் சொன்னதை இன்னொருவர் குரலில் பேசவைத்து, அப்படிச் செய்திருப்பதைப் படத்திலேயே எழுதுங்கள். ஹெல்மெட் எண், பச்சை குத்தியது, வாசலில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட் எதுவும் உள்ளே வரக் கூடாது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் கதை பெரிது. 2023 ஜூலையில் நெய்வேலி பக்கத்து வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர்மேல் மண்வாரி இறங்கியதை நாடே பார்த்தது. கேமராக்கள் எல்லாம் நிலத்துக்காரர் பக்கம்தான் திரும்பின. அந்த வயலில் நாற்று நட்ட, களை எடுத்த பெண்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடமே இல்லை. மாற்றம் நியாயமா என்று அளக்க அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒலியில்தான் நிறையப் படங்கள் கெடுகின்றன. கன்வேயர் பக்கத்து வீடுகளில் இரைச்சல் இரவு பகலாக இருக்கும். பேட்டியை வெட்டி ஒட்டும்போது அந்த இரைச்சல் குதிக்கும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அதே இடத்தில் 1 நிமிடம் பதிவு செய்துகொண்டால் வெட்டுகளை அதை வைத்து மூடலாம். விடிகாலை 3 மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து தனியாக 2 நிமிடம் எடுங்கள். அந்த மக்கள் எதைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைக்கிறீர்களா? உங்கள் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போட மறக்காமல் இருக்க. ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். டியூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேம், ஷட்டர் விநாடியில் 50இல் ஒரு பங்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்குப் பொருந்தாத வேகம் வைத்தால் மினுக்கும்.

சாம்பல் தூசி லென்ஸுக்குள் போவது பெரிய தொல்லை. நீளும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் காற்றோடு தூசியை உறிஞ்சும். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ், முன்னால் ஒரு ஃபில்டர், லென்ஸ் மாற்றுவது வீட்டுக்குள் மட்டும். துணியால் துடைத்தால் சாம்பலில் இருக்கும் சிலிக்கா கீறிவிடும்; முதலில் ஊதி எடுங்கள். 100 எம்பிபிஎஸ் 4கேயில் ஒரு மணி நேரம் 45 ஜிபி. இரண்டு டிஸ்க்கில் நகல் ஏறும்வரை கார்டை அழிக்காதீர்கள்.

ட்ரோன் வேண்டுமென்றால் எங்கே பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறம் என்று முதலில் பாருங்கள்.

சம்மதக் கடிதம் தமிழில் ஒரு பக்கம் போதும். கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எடிட்டிங்கில் படத்தின் முதல் வடிவம் முடிந்ததும் அதே வீட்டில் லேப்டாப்பில் போட்டுக் காட்டி இன்னொரு தடவை கேளுங்கள். முதலில் சரி என்றவர், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு வேண்டாம் என்பார். அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள். அதற்காகவே எடிட்டிங் கால அட்டவணையில் 2 வாரம் கூடுதலாக வைத்திருங்கள்.