குவாதலூப்பில் குடித்தனம்

புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்) குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு பிரான்ஸ் என்றால் பாரீஸ், துலூஸ், அதிகம் போனால் ரெயூனியன் தீவு. குவாதலூப் என்றால் "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கணித ஆசிரியையாக எனக்கு இங்கே மாற்றல் கிடைத்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வியும் அதுதான். கரீபியன் கடலும் அட்லாண்டிக்கும் சந்திக்கிற விளிம்பில் இருக்கிற தீவுக்கூட்டம் இது. பாரீஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கினால் யூரோ, மஞ்சள் தபால் பெட்டி, பிரெஞ்சுக் காவல்துறை. 1946 முதல் இது பிரான்சின் ஒரு மாவட்டம். மக்கள் தொகை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

வரைபடத்தில் பார்த்தால் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தெரியும். இரண்டு சிறகும் இரண்டு தனித் தீவுகள். மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, அடர்ந்த காடு, ஓடைகள். கிழக்கே கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், கரும்புக் காடு, வெள்ளை மணல் கரை. நடுவே ரிவியேர் சாலே என்ற குறுகலான கடல் கால்வாய். அதன் மேல் பாலம் இருப்பதால் காரில் போகிறவர்களுக்கு ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதே தெரியாது. இவை தவிர மரி-கலாந்த், லெ சேந்த், லா தெசிராத் என்று படகில் போக வேண்டிய தீவுகளும் உண்டு. சேன்-மர்த்தேனும் சேன்-பர்த்தெலெமியும் 2007 வரை இதே நிர்வாகத்தில்தான் இருந்தன, பிறகு பிரிந்துவிட்டன.

நான் குடியிருப்பது பாஸ்-தேரின் கிழக்குக் கரையில், கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில். ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறுபக்கம் கடல், மேலே 1,467 மீட்டர் உயரத்தில் சூஃப்ரியேர் எரிமலை. மேகம் விலகி அதன் உச்சி தெரிகிற நாள் அபூர்வம். அட்லாண்டிக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று மலையில் மோதி மேலேறி மழையாகக் கொட்டுகிறது. உச்சியில் ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவுக்குப் பெய்யும். சென்னைக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தும் ஒன்றரை மீட்டர் வராது என்பதை நினைத்தால் அளவு புரியும். கிராந்த்-தேரின் கிழக்குக் கோடிக்குப் போனால் அங்கேயும் மழை அவ்வளவு குறைவு. அதனால் இந்தச் சிறகின் தண்ணீரைத்தான் குழாய் வழியே அந்தச் சிறகுக்கு அனுப்புகிறார்கள்.

இவ்வளவு மழை பெய்கிற தீவில் குடிதண்ணீருக்கு முறை வைத்திருக்கிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். பல பகுதிகளில் அதுதான் நிலைமை. குழாய்கள் பழையவை, மண்ணுக்குள்ளேயே பாதிக்கு மேல் கசிந்து போகிறது. விடியற்காலையில் குழாயைத் திறந்தால் முதலில் உஸ் என்று காற்று வரும், அப்புறம் இரண்டு தடவை இருமி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பும். தெளிந்த தண்ணீர் வருவதற்குள் நான் டிரம், அண்டா, குக்கர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடுவேன். மேல்நிலைத் தொட்டி கட்டிக்கொள்ள வசதி உள்ளவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையோடு இருக்கிற பெண் ஐந்து லிட்டர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இது பிரான்ஸ். வரி பிரெஞ்சு வரி. இதே நிலைமை லியோனில் ஒரு வாரம் நீடிக்குமா?

விலைவாசியும் அப்படித்தான். உணவுப் பொருள் பிரான்சைவிட நாற்பது சதவீதம் வரை கூடுதல். கப்பல் செலவு, இறக்குமதி வரி, ஒரு சில கைகளிலேயே இருக்கிற வியாபாரம் என்று காரணங்கள் பல. என்னைப் போன்ற அரசு ஊழியர்களுக்கு இதை ஈடுகட்ட நாற்பது சதவீதம் கூடுதல் சம்பளம் உண்டு. கடையில் பில் போடுகிற பெண்ணுக்கு அது இல்லை. 2009-இல் 44 நாள் நடந்த பொது வேலைநிறுத்தம் இந்த ஆத்திரத்தில்தான் வெடித்தது. மாற்றலில் வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது. கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவரின் முகம் ஏன் இறுகியிருக்கிறது என்பது புரியும்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "மகளே, இங்கே எந்தக் கடைக்குள் போனாலும், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற அறைக்குள் போனாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பொன்ஜூர் சொல்லணும். சொல்லாவிட்டால் நீ அங்கே இல்லாத மாதிரிதான்" என்றார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது மலைச்சரிவில் சேன்-க்ளோத் என்ற ஊரில் வீடு. 1976-இல் சூஃப்ரியேர் புகைந்து சாம்பலைக் கொட்டியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டுக் கிளப்பினார்கள். இவர் குடும்பம் கிராந்த்-தேரில் ஒரு பள்ளி வகுப்பறையில் மாதக்கணக்கில் படுத்திருந்தது. விஞ்ஞானிகள் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டார்கள், பயந்த அந்தப் பெரிய வெடிப்பு வரவேயில்லை. ஆனால் தலைநகரான பாஸ்-தேர் ஊரிலிருந்து கிராந்த்-தேரின் வணிக நகரமான புவான்த்-ஆ-பீத்ருக்குப் போன வியாபாரம் முழுதாகத் திரும்பவில்லை. "எரிமலை எங்களை ஒன்றும் செய்யவில்லை, கிளம்பினதுதான் செய்தது" என்பார்.

ஒரு நாள் அவர் தோட்டத்தில் வள்ளிக்கிழங்கு கேட்டேன். சேம்பு, சர்க்கரைவள்ளி, கேரட் எதுவும் இந்த மண்ணில் போட மாட்டேன் என்றார். க்ளோர்தெகோன் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். வாழைத் தண்டைத் துளைக்கும் கூன்வண்டுக்காக 1972 முதல் 1993 வரை இங்கே போட்ட பூச்சிமருந்து அது. பிரான்சில் 1990-இலேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே சிறப்பு அனுமதி கொடுத்து 1993 வரை விட்டுவைத்தார்கள். மண்ணில் ஒட்டிக்கொண்டால் நூற்றாண்டுக் கணக்கில் போகாது. மழையோடு ஓடையில் இறங்கி, கடல் வரை போய், கரையோரத்தில் பல இடங்களில் மீன்பிடிக்கத் தடை. பெரியவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரத்தத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் பாரீஸ் நீதிபதிகள் வழக்கை விசாரணைக்கு அனுப்பாமல் முடித்தபோது ஊரே கொதித்தது. கபெஸ்தேர் வாழைப் பகுதியின் நடுவில் இருக்கிறது. இங்கே வீடு எடுத்துத் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள், இலவசமாகச் செய்கிறார்கள். மண்ணுக்குள் விளைகிறதுதான் ஆபத்து. ஈரப்பலா, முருங்கை, தக்காளிக்குப் பயமில்லை. எங்கள் கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நன்றாகவே வருகின்றன.

வரலாற்றுக்கு வருவோம். 1763-இல் ஏழாண்டுப் போர் முடிந்து பாரீஸில் ஒப்பந்தம் எழுதியபோது பிரான்ஸ் கனடாவை இங்கிலாந்துக்கு விட்டுக்கொடுத்து, சர்க்கரை விளைகிற குவாதலூப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதே ஒப்பந்தத்தில்தான் இடிந்து கிடந்த புதுச்சேரியும் பிரான்சுக்குத் திரும்பியது. எங்கள் ஊரும் இந்தத் தீவும் ஒரே காகிதத்தில் கைமாறியிருக்கின்றன. இதைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அந்தச் சர்க்கரையை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். பிரெஞ்சுப் புரட்சி 1794-இல் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பினான். லூயி தெல்க்ரெஸ் என்ற அதிகாரியும் அவரோடு சுமார் முந்நூறு பேரும் மத்தூபா என்ற மலைப்பகுதியில் சுற்றி வளைக்கப்பட்டபோது, மீண்டும் அடிமையாவதைவிடச் சாவது மேல் என்று வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையே தகர்த்துக்கொண்டார்கள். மே 28. அந்தக் கலகத்தில் பிடிபட்ட சொலித்யூத் என்ற பெண் கர்ப்பமாக இருந்தார்; பிள்ளை பிறக்கும் வரை காத்திருந்து தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகும் 46 வருடம் அடிமை முறை நீடித்தது. 1848 மே 27 இங்கே விடுதலை நாள், அரசு விடுமுறை. புவான்த்-ஆ-பீத்ரில் பழைய தர்பூசியே சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறந்த மெமோரியல் ஆக்த் என்ற நினைவகம் இருக்கிறது. உறவினர்கள் யார் வந்தாலும் கடற்கரைக்கு முன்னால் அங்கேதான் கூட்டிப் போகிறேன். அதைப் பார்க்காமல் நம் ஆட்கள் இங்கே வந்த கதை புரியாது.

விடுதலையானவர்கள் பழைய முதலாளியிடம் அவன் சொன்ன கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். கூலியை ஏற்றாமல் ஆள் பிடிக்க முதலாளிகள் இந்தியா பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் கடைசியில் ஒரேலி என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு வந்து சேர்ந்தது. அடுத்த முப்பத்தைந்து வருடத்தில் 42,000 பேருக்கு மேல். பெரும்பகுதி புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர்கள். பின்னால் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். ஒப்பந்தத்தில் திரும்பிப் போகக் கப்பல் உண்டு என்று எழுதியிருந்தும் பெரும்பாலோர் திரும்பவேயில்லை. கரும்புக் காட்டிலேயே இறந்தவர்கள் எத்தனையோ பேர்.

அவர்கள் பிள்ளைகள் இந்த மண்ணிலேயே பிறந்தார்கள். ஆனாலும் அவர்கள் அந்நியர்கள், ஓட்டுரிமை கிடையாது என்றது நிர்வாகம். இதை எதிர்த்து நின்றவர் ஆன்ரி சிதம்பரம். 1863-இல் இதே கபெஸ்தேரில் பிறந்தவர். 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. பத்தொன்பது வருடம். கடைசியில் இங்கே பிறந்த இந்தியர் வம்சத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உறுதியானது.

என் தாத்தா 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, கொடுத்த ஆறு மாதக் கெடுவுக்குள் ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். அதே கடற்கரையிலிருந்து நூறு வருடத்துக்கு முன் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகள் அதே குடியுரிமைக்காக நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டை எடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. அவர்கள் வாங்கியது பெரியது. பின்னாளில் எர்னஸ்ட் முத்துசாமி சேன்-ஃபிரான்சுவா மேயராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனதற்குப் பின்னால் அந்த வழக்கு இருக்கிறது.

அதனால்தான் பாரீஸிலிருந்து வந்த ஓர் உறவுக்காரப் பையன் என் சக ஆசிரியரிடம், "பேர் மட்டும் தமிழ், தமிழ் ஒரு வார்த்தை வராதா?" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் விடவில்லை. அவர்கள் நமக்குப் பரீட்சை எழுத வேண்டியவர்கள் இல்லை. இந்த ஊர் மொழியான க்ரெயோல் பேசுகிற குவாதலூப்காரர்கள் அவர்கள். அந்த இடத்தைப் போராடி வாங்கியவர்கள்.

அதே ஆசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மாமா வீட்டு மாரியம்மன் பூஜைக்குக் கூப்பிட்டார். கபெஸ்தேரில் நெடுஞ்சாலை ஓரமாகவே ஷான்ழி கோயில் வண்ண வண்ணமாக நிற்கும். இது அப்படியில்லை, கொல்லையில் தகரக் கூரை போட்ட சின்னச் சன்னதி. வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சம்பழம், கற்பூரம். மாரியம்மனுக்குப் பக்கத்தில் மதுரை வீரன். முற்றத்தில் கொடி கட்டிய ஒரு கம்பம்: நாகூர் ஆண்டவருக்கு. கடலைத் தாண்டிக் கரை சேர்த்தவர் என்று இந்துக் குடும்பங்கள் இன்றும் அவருக்குக் கொடியேற்றுகின்றன. தப்பு அடிக்கிறவர்கள் முதலில் விறகு மூட்டித் தோலைச் சூடாக்கிக்கொண்டார்கள். பூசாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோடுபோட்ட நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பாட்டெல்லாம் தமிழ், எழுத்து பிரெஞ்சு எழுத்து. அர்த்தம் அவருக்குச் சொல்லத் தெரியாது, எனக்கும் பாதிதான் பிடிபட்டது. ஆனால் ஓர் அடியையும் விழுங்காமல், மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பாமல் பாடினார். கிடா வெட்டினார்கள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்க வம்சத்தவர். இருவர் தங்கள் சொந்த வேண்டுதலுக்காக வந்தவர்கள். காலையில் தேவாலயத்தில் திருப்பலி பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. மத்தியானம் வாழையிலையில் ஆட்டுக்கறி கொலோம்போ என்கிற இந்த ஊர்க் குழம்பு. கடுகும் கொத்தமல்லியும் வெந்தயமும் சேர்த்து அரைத்த பொடி, தேங்காய் கிடையாது. எங்கள் வீட்டுக் குழம்பு மாதிரி இல்லை. நன்றாக இருந்தது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடற்கரையில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசிய மரத்தைப் பார்த்தால் விலகிப் போங்கள். அது மான்செனீயே; ஆப்பிள் மாதிரி இருக்கிற பழம் கொடிய விஷம், மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கினால் சொட்டுகிற நீரே தோலைப் புண்ணாக்கும். சர்காசம் பாசி குவிந்து அழுகுகிற மாதங்களில் கிழக்குக் கரையில் வீடு பார்க்காதீர்கள், அதன் வாயு மூச்சுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் ஆகாது. மோர்ன்-ஆ-லோவில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ஓடு பதித்த கல்லறைத் தோட்டத்தை ஒரு தடவையாவது பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 1928 புயலில் இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அலி துர் என்ற கட்டடக் கலைஞர் சிமெண்டில் கட்டிய நகரமன்றங்களும் பள்ளிகளும் இன்றும் ஊருக்கு ஊர் நிற்கின்றன. தண்ணீர், டார்ச், அரிசி, கேஸ் அடுப்பு எல்லாவற்றையும் மே மாதமே எடுத்துவைத்துவிடுங்கள்.

அப்புறம், ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைக்கிறவர்கள் கவனிக்க: குவாதலூப் பிரான்ஸ்தான், ஐரோப்பிய ஒன்றியம்தான், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடுகிற ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரீஸுக்கு எடுத்த சாதாரண ஷெங்கன் விசாவை வைத்து இங்கே இறங்க முடியாது. விண்ணப்பம் போடும்போதே கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டத்துக்குப் போவதாகக் குறிப்பிட்டு அதற்கான விசாவைக் கேட்க வேண்டும்.