நண்டு வளையும் காந்தவாலும்

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் இருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாகச் சித்தப்பா வாய்க்கால் பார்க்கக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

தண்ணீர் கரை விளிம்புக்கு நாலு விரல் கீழே நின்றது. எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம். சித்தப்பா தண்ணீரைப் பார்க்கவே இல்லை. கரையின் வெளிப்புறம், வயல் பக்கமாக இறங்கி, புல்லை விலக்கி உள்ளங்கையால் மண்ணைத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். கட்டைவிரல் பருமனில் ஒரு நண்டு வளை, அதில் கசிவு.

"தெளிவா வந்தா பயமில்ல பாப்பா. கலங்கலா வருது பாரு, உள்ள மண்ண அரிக்குது."

வைக்கோலைப் புரியாகத் திரித்து, களிமண்ணோடு சேர்த்து, வாய்க்காலுக்குள் இறங்கி உள்வாயில் திணித்து மிதித்தார். எட்டு வருஷமாக நான் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியை அவர் கையால் தடவிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

என் ஆராய்ச்சி, பூமியைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தில் ஆற்றல் சேர்ந்து திடீரென வெடிக்கும் காந்தத் துணைப்புயலைப் பற்றியது. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பினால், பகல் பக்கத்தில் அது பூமியின் புலத்தோடு இணைந்துகொள்ளும். அந்த ஆற்றல் இரவுப் பக்கம் நீண்டு கிடக்கும் காந்தவாலில் போய்ச் சேரும். சுமார் ஒரு மணி நேரம் இப்படிச் சேரச் சேர, வாலின் நடுவே ஓடும் மின்னோட்டத் தாள் மெலிந்துகொண்டே வரும். பிறகு சில நிமிடங்களில் எல்லாம் அவிழ்ந்து, இழுபட்டிருந்த காந்தக்கோடுகள் பூமிப் பக்கம் சுண்டிக்கொள்ளும். துருவப் பக்கத்து வானில் அமைதியாகக் கிடந்த துருவ ஒளி வில் திடீரெனப் பிரகாசித்து, சிதறி, துருவம் நோக்கிப் பரவும். இந்த ஒழுங்கை அகாசோஃபு என்ற விஞ்ஞானி 1964-லேயே எழுதிவிட்டார்.

சேர்வது எப்படி என்பது ஓரளவு தெரியும். எந்த இடத்தில், எதனால் முதலில் விட்டுப்போகிறது என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு, தொலைவில், பூமியின் ஆரத்தைப் போல 20 மடங்கு தூரத்தில், தாள் கிழிந்து காந்தக்கோடுகள் அறுந்து மறுபடி இணைகின்றன, அதுதான் தொடக்கம் என்கிறது. இன்னொரு தரப்பு, 10 ஆரத்துக்குப் பக்கத்தில், அழுத்தம் மிகுந்த பிளாஸ்மா, அதாவது மின்துகள்களாலான வாயு, வளைந்த கோடுகளைத் தள்ளி உப்பவைக்கும் நிலையின்மைதான் முதலில் வருகிறது என்கிறது.

இதைத் தீர்க்கத்தான் 2007 பிப்ரவரியில் தெமிஸ் என்று ஐந்து செயற்கைக்கோள்களை நாசா அனுப்பியது. 2008 பிப்ரவரி 26-ஆம் தேதி அவை வாலில் வரிசையாக நின்றபோது ஒரு துணைப்புயல் சிக்கியது. 20 ஆரத்தில் மறுஇணைப்பு முதலில். குறைந்தது ஒன்றரை நிமிடம் கழித்து ஒளி பிரகாசித்தது. பூமிக்கு அருகிலுள்ள மின்னோட்டம் குலைந்தது சுமார் மூன்று நிமிடம் கழித்து. கணக்கு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது என் கட்சி. எல்லாக் கரையும் ஒரே மாதிரி உடைவதில்லையே.

ஒரு விஷயத்தில் மட்டும் வாய்க்கால் உவமை நிற்காது. காந்தவாலில் கரையும் தண்ணீரும் வேறு வேறு இல்லை. பிளாஸ்மா காந்தக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு நகரும், அதன் மின்னோட்டமே அந்தப் புலத்தை உண்டாக்கும். தண்ணீரே தனக்குக் கரை கட்டிக்கொள்வது போல. அதனால்தான் வளை எங்கே என்று தேடுவது இவ்வளவு கடினம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது சித்தப்பா கேட்டார், "அந்த ஒளி நம்ம ஊர்ல தெரியுமா?"

தெரியாது. ஆனால் துணைப்புயல் வெடிக்கும் நேரத்தில், 40 முதல் 150 விநாடிக்கு ஒரு அலை வீதம் பூமியின் காந்தப்புலம் லேசாகத் துடிக்கும். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் காந்தமானியிலும் அந்த நடுக்கம் பதிவாகும் என்றேன்.

"அது உடைஞ்ச அப்புறம்தானே? முன்னாடி கசிவு ஒண்ணும் காட்டாதா?"

காட்டுகிறது. வெடிப்புக்குச் சற்று முன், துருவ ஒளி வில்லின் நெடுக, கோத்த மணிகள் போலச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தோன்றும். முதலில் கண்ணுக்கே தெரியாது, அப்புறம் மளமளவென்று பெருகும். அந்த வேகத்தைப் பார்த்தால் உள்ளே ஏதோ நிலையின்மை வளர்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள முடிகிறது. படத்தை மொபைலில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எந்த மணி முதல்ல பெருகுது?" என்றார்.